கேட்காமல் எழுதிய வரி

எய்யா,

உன் பெட்டியில் கம்பளிச் சட்டைக்குக் கீழே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். கருவாட்டுப் பொட்டலத்தை மறுபக்கம் வைத்துவிட்டேன், பயப்படாதே, நாறாது. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, விடும்மா" என்பாய். நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் உன்மேல் எரிந்து விழுவேன், இரண்டில் ஒன்று நிச்சயம். முப்பத்திரண்டு வருடம் வார்டில் கத்திக் கத்தியே வேலை பார்த்த வாய் இது. எழுதினால்தான் கொஞ்சம் அடங்குகிறது. அதனால் அயர்லாந்தில் இறங்கி, குளிர் தாங்காமல் அந்தச் சட்டையைத் தேடி எடுக்கும்போது, இதை உட்கார்ந்து படி. வாசலில் நின்றுகொண்டு பாதியும், பஸ்ஸில் மீதியும் என்று படிக்காதே. உன் அப்பாவுக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை. அதையும் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் சூசை அண்ணனின் அடக்கத்துக்கு நாம் இருவரும் போனோம். பெட்டியை மூடப்போகும்போது ரீத்தா அக்கா அதன்மேல் விழுந்து அழுதாளே, என்ன சொல்லி அழுதாள் என்று உனக்கு நினைவிருக்கும். "நான் வாயத் தொறந்திருந்தா நீரு நடந்திருப்பீரே! ஒம்ம கால நான்லா முறிச்சேன்!" சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சங்கு குளிக்கப் போன புருஷனைக் கால் விளங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், அவன் கடலுக்கடியில் முங்கியதை டாக்டரிடம் சொல்லாமல் மறைத்தாள், அதனால் அவன் பத்தொன்பது வருடம் கக்கத்தில் கட்டையோடு நடந்தான். நீயும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது சொன்னாய்: "பாவம்மா அந்த அத்தை. ஆனா அவங்க செஞ்சதும் தப்புத்தான? மறைச்சா டாக்டர் என்ன செய்வாரு?" அப்புறம் போனை எடுத்து, நீ நர்ஸாகச் சேரப்போகும் புது ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய படிவத்தைக் காட்டினாய். நோயாளி வந்து சேர்ந்ததும் அவர் என்ன மொழி பேசுவார், எதைச் சாப்பிடமாட்டார், எப்படிக் கும்பிடுவார், யார் தொடலாம், உடம்புக்கு என்ன என்று அவர் வீட்டில் நம்புகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம். நீ சிரித்தாய். "இங்க எவன்மா இதெல்லாம் கேக்கான்? நமக்குத்தான் நம்ம ஆளுகளப் பத்தி எல்லாம் தெரியுமே." நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து "கண்ணு ஏம்மா செவந்திருக்கு?" என்றாய். வெங்காயம் என்றேன். அன்றைக்கு வீட்டில் ஒரு வெங்காயம்கூட இல்லை.

எய்யா, ரீத்தா அக்கா சூசை அண்ணனின் காலை முறிக்கவில்லை. அதில் பெரிய பங்கு என்னுடையது. நீ அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் சூசை அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று நானும் சொன்னேன்: எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தப்பித்துக்கொள்வதற்காக இல்லை, உனக்குப் புரியவேண்டும் என்பதற்காக. எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதிலேயே போய்விட்டான் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் கீழவைப்பாரில் அவனுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. நாலு நாளாக இறங்கவில்லை. வீட்டில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, விடிந்ததும் அவனைத் தூக்கிப்போய்க் கடலில் மூன்று தடவை முக்கி எடுத்தார்கள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். அவன் பல் கிட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. அந்த வாரமே போய்விட்டான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவனைப் பிழைக்கவைக்க என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவர்கள். ஆனால் எனக்கு அன்றிலிருந்து "கடல்ல எறக்கணும்" என்று யார் சொன்னாலும் உடம்பெல்லாம் எரியும். நர்ஸ் படிப்புக்கு நான் அடம்பிடித்துப் போனதே அந்த எரிச்சலில்தான்.

இப்போது அந்த நாள். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். எனக்கு மதியம் ஷிப்ட், அவசர சிகிச்சைப் பிரிவில். உப்பு லாரியும் மினிபஸ்ஸும் மோதி ஆறு பேரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தரையெல்லாம் ரத்தமும் உப்புமாகக் கிடந்தது. இரண்டு மணி சுமாருக்கு ஒரு ஆட்டோவில் சூசை அண்ணனைக் கொண்டுவந்தார்கள். கூட ரீத்தா அக்காவும் அவள் தம்பியும். நாம் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிது, எனக்கு அவர்களை அதற்குமுன் கோயிலில் பார்த்த முகப்பழக்கம் மட்டும்தான். ஆள் நல்ல உடம்பு, வெயிலில் கறுத்த தோள். முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. "இடுப்பச் சுத்திக் கயிறு போட்டு இறுக்குத மாதிரி இருக்கு சிஸ்டர். காலு ரெண்டும் மரத்துக்கிட்டே வருது" என்றார். சிறுநீர் கழிக்கவும் முடியவில்லை. நான் சீட்டில் பெயர், வயது எழுதினேன். தொழில் என்ற இடத்தில் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. கோயிலில் பார்த்த முகம், கழுத்தில் மாதா படம் கோத்த உத்திரியக் கயிறு, உடம்பில் உப்பு வாடை. "மீன்பிடி" என்று எழுதினேன். அது நான் கேட்காமல் எழுதிய முதல் வரி.

டாக்டர் சின்னப் பையன், பயிற்சி முடித்து வந்த புதிது. விபத்துக்காரர்களுக்கு நடுவில் ஓடிவந்து, "வலை இழுக்கும்போது பிடிச்சதா? கீழ விழுந்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், கரைக்கு வந்தப்புறந்தான்" என்றார் சூசை அண்ணன். முந்தின நாள் குடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார். முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கும், வலிக்கு ஊசி போடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள், காலையில் எலும்பு டாக்டர் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த சீட்டில் "மீன்பிடி" என்றுதான் இருந்தது.

நான் ஊசியை எடுத்துக்கொண்டு வரும்போது ரீத்தா அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "சிஸ்டர், ஒரே ஒரு தடவ கடல்ல எறக்கிக் கொண்டாந்திருதோம். வள்ளம் நிக்கு. அப்புறம் நீங்க எந்த ஊசி வேணும்னாலும் போடுங்க." எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்னது, கடல்லயா? காலு வெளங்காமக் கெடக்குத மனுசனயா?" "எறக்குனா லேசாயிரும் சிஸ்டர், எல்லாரும் அப்படித்தான் செய்வாவ." எனக்கு என் தம்பியின் நீல உதடுதான் தெரிந்தது. வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "எனக்குச் சொல்லித் தராதிய! நானும் கடக்கரையில பொறந்தவதான். ஒங்க நேர்ச்சை எல்லாம் எனக்குத் தெரியும். மாதாவுக்கு நேந்தத அவரு எந்திரிச்சப்புறம் செய்ங்க!"

அவள் வாயைத் திறந்தாள். "நேர்ச்சை இல்ல சிஸ்டர்…" அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான். எய்யா, நான் அதைப் பார்த்தேன். அந்தத் தலையாட்டலை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவளைத் தனியாகக் கூட்டிப்போய், "பின்ன என்ன? ஏன் எறக்கணும்?" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் திரும்பிக்கொண்டேன். ஊசியைப் போட்டுவிட்டு நர்ஸ் குறிப்பில் எழுதினேன்: உறவினர்கள் சமயச் சடங்குக்காக நோயாளியை அழைத்துச்செல்ல விரும்புகின்றனர், அறிவுரை கூறப்பட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதன்பின் அவர்கள் என்ன சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. சடங்குக்காரர்கள் என்று நான் முத்திரை குத்திவிட்டேனே.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். ஏழு மணிக்குப் போனதும் அவர் கட்டிலுக்குத்தான் போனேன். நல்ல நர்ஸ் என்று என்மேல் எனக்கே ஒரு மதிப்பு, அதனால் போனேன். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தது. உள்ளங்காலில் பேனா முனையால் அழுத்தினேன். அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் அழுத்தினேன். தொடையில் அழுத்தினேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீத்தா அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, ஒங்கள ஏன் கடல்ல எறக்கணும்னு சொன்னாவ?" என்று கேட்டேன். எவ்வளவு சின்னக் கேள்வி.

அவர் கோபப்படவில்லை. வலை விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "சங்குக்கு முங்குனோம் சிஸ்டர். கம்ப்ரசர்ல கொழா வழியா காத்து வரும்லா, அத வாயில கடிச்சிக்கிட்டுப் பன்னெண்டு பாகம் ஆழத்துல, எழுவது அடிக்குக் கீழ, ரெண்டு மணி நேரம் கெடந்தேன். மேல மிசின் நின்னுபோச்சு. மூச்சுக்கு வழியில்லாம ஒரே ஏத்தா ஏறிட்டேன். அப்படி ஏறுனா இப்படித்தான் புடிக்கும். மறுபடி அதே ஆழத்துக்கு எறங்கிக் கெடந்து, மெள்ள மெள்ள ஏறுனா விட்டுரும். எங்க ஆளுக அப்படித்தான் செய்வோம். வள்ளத்துக்காரரு ஆஸ்பத்திரில கம்ப்ரசர் பேச்சே எடுக்கக்கூடாது, லைசன்ஸ் போயிரும்னாரு. அதான் இவ பாதியோட நிறுத்திட்டா."

நேர்ச்சை இல்லை. கும்பிடு இல்லை. கடலுக்கு அடியில் பிழைப்பு நடத்துகிறவர்கள் தங்கள் உடம்பை வைத்தே கற்றுக்கொண்ட வைத்தியம் அது. மறுபடி கடலில் இறக்குவது ஆபத்து, செய்யக்கூடாது, அது எனக்கும் உனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் சரி. ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பை அடைத்திருந்தது. முந்தின நாள் இரண்டு மணிக்கே நான் "ஏன்?" என்று கேட்டிருந்தால், வந்த நிமிடமே முகத்தில் ஆக்ஸிஜனை வைத்து, ஆளை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் ஏற்றி அந்தக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஊருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பார்கள். பதினேழு மணி நேரம் அவர் ஒரு வலி ஊசியோடு கிடந்தார். ஒருநாள்கூடச் சங்கு குளிக்காத எனக்கு, கடற்கரையில் பிறந்த ஒரே காரணத்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. வேறு ஊர்க்காரி ஒருத்தி அன்று டியூட்டியில் இருந்திருந்தால், "கடலா? எதுக்குங்க?" என்று வாயைப் பிளந்து கேட்டிருப்பாள். அதை நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆக்ஸிஜன் வந்தது, போன்கள் பறந்தன, ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது டாக்டர் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்: "நேத்து இவங்க உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா சிஸ்டர்?" இப்போது வருவதுதான் உனக்குச் சொல்ல நான் பத்தொன்பது வருடம் பயந்தது. "இல்ல சார்" என்றேன். இரண்டே வார்த்தை. வேலை போய்விடும் என்ற பயம், நீ ஒன்றாம் வகுப்பு, வீட்டு நிலைமை என்று எத்தனையோ சமாதானம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் நிற்கவில்லை. அவமானத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான். டாக்டர் என்னை நம்பி, கூட அனுப்பிய பேப்பரில் எழுதினார்: நோயாளியின் தொழில் விவரத்தை உறவினர்கள் மறைத்துவிட்டனர். ரீத்தா அக்காவின் தம்பி பத்தாவது வரை படித்தவன். அவன்தான் அதை அவளுக்கு வாசித்துச் சொன்னான். சொன்னவன் முதல் நாள் தலையாட்டியதை மறந்துவிட்டான், நானும் மறந்ததுபோல இருந்தேன். பழி மொத்தமும் அவள் ஒருத்தி தலையில் இறங்கியது.

சூசை அண்ணன் ஆறு மாதம் கழித்துக் கட்டையோடு திரும்பிவந்தார். கடலைத் திரும்பப் பார்க்கவில்லை, தெருமுனையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டோடு அவர் வீட்டுக்கு உன்னைத்தானே அனுப்பினேன். "எல்லா வீட்டுக்கும் நீ போற, சூசை மாமா வீட்டுக்கு மட்டும் ஏம்மா என்ன அனுப்புத?" என்று ஒருதடவை கேட்டாய். முழங்கால் வலி என்றேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உன் பிஞ்சுக் கையில் தட்டைக் கொடுத்து அனுப்பினேன். நீ திரும்பிவந்து, "மாமா எனக்குச் சங்கு ஊதக் கத்துக்கொடுத்தாரும்மா" என்று குதிப்பாய். நான் உன்னை அதட்டிக் கை கழுவ அனுப்புவேன்.

அதற்குப்பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். தொணதொண என்று கேட்பேன். வார்டில் எனக்கு "சிபிஐ சிஸ்டர்" என்று பட்டப்பெயரே இருந்தது, உனக்குத் தெரியாது. காயல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக் கிடந்தார். குழாய் போட எல்லாம் எடுத்துவைத்துவிட்டார்கள். நான் காதோரம் போய் "என்ன வாப்பா சங்கடம்?" என்றேன். கட்டில் தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடக்கிறது, அந்தப் பக்கம் பார்த்து எப்படிம்மா போவேன் என்றார். இரண்டு பேர் சேர்ந்து கட்டிலைத் திருப்பிப் போட்டோம். குழாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடுத்த மாதம் அதே ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். நான் பெரிய அறிவாளியாகக் கட்டிலைத் திருப்பப் போனேன். "சிஸ்டர், என்ன செய்றீங்க? ஃபேன் காத்து வராது, அங்கனயே போடுங்க" என்று சிரித்தான். அதனால்தான் சொல்கிறேன், ஒருவரிடம் கேட்டதை வைத்து அவர் ஊருக்கே தீர்ப்பு எழுதாதே.

ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்த ஒரு அம்மாள் சிறுநீரகக் கோளாறோடு வந்தாள். உப்பில்லாச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று சின்ன நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உப்பு அள்ளியே புள்ளைகள வளத்த கையி தாயி. எலையில உப்பே இல்லன்னா அது எழவு வீட்டுச் சோறு மாதிரி எனக்கு" என்றாள். டாக்டரைக் கேட்டு, தட்டு ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே மீதிச் சோற்றைத் தின்றாள். இப்படி நூறு கதை எனக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவை ஒருவர் பதில் சொல்லும்போதும், கேட்காமல் விட்ட அந்த ஒன்று உள்ளே குத்தும்.

அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் உன் அப்பாவிடம் ரீத்தா அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? செத்தவன் போய்ச் சேந்துட்டான். இப்பப் போயிக் கிளறி என்ன ஆவப்போவுது? பயலுக்கு விசா வந்திருக்குத நேரத்துல, அம்மக்காரி இப்படின்னு நாலு பேரு பேசணுமா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் பயம்தான். நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் "ஒம்ம கால நான்லா முறிச்சேன்" என்ற அந்தச் சத்தம் சோற்றில் கை வைத்தாலும் கேட்டது. நேற்று சாயங்காலம் நீ சட்டை தைக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தாயே, அப்போது போனேன்.

அவள் தனியாக இருந்தாள். சூசை அண்ணன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. மூலையில் அந்தக் கட்டை சாய்த்து வைத்திருந்தது. உன் கையில் தட்டைக் கொடுத்தனுப்பாமல், நானே முதல்தடவையாக அந்த வீட்டுக்குள் போகிறேன். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சை இல்ல என்று அவள் சொன்னது, தம்பி தலையாட்டியது, நான் திரும்பிக்கொண்டது, டாக்டரிடம் "இல்ல சார்" என்றது. முடித்ததும் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன அந்த ஆஸ்பத்திரிப் பேப்பரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்தொன்பது வருடம் வைத்திருந்திருக்கிறாள். "இதுல எங்க இருக்கு, நீங்க இப்பச் சொன்னது?" என்றாள். "இதுல இல்லக்கா. இதுல இருக்கது நான் சொன்ன பொய்யி" என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "அவரு சொன்னாரு சிஸ்டர். 'ஒம்மேல ஒரு தப்பும் இல்லளா, நீ சொல்லத்தான் வந்த, அந்தப் பொண்ணு கேக்கல, அவ்வளவுதான்'னு சாவுத வரைக்கும் சொன்னாரு. என்னயத் தேத்ததுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன். கூடவே கெடந்த மனுசன நான் நம்பல. இந்தப் பேப்பரத்தான் நம்புனேன். படிச்சவங்க எழுதுனதுல்லா."

எய்யா, அவள் அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் தரவில்லை. தருவாளா என்றும் தெரியவில்லை. "நீங்க வாயால சொன்னது காத்துல போயிரும். எழுதித் தாங்க" என்றாள். பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். பேனாவை எடுத்தேன். என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியுமே, எழுதத் தொடங்கினேன். முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. அப்புறம்தான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னைக்கு நீங்க என்ன சொல்ல வந்திய? முழுசாச் சொல்லுங்க" என்றேன். அவள் சொன்னாள். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்திருந்ததிலிருந்து, வள்ளத்துக்காரர் மிரட்டியதிலிருந்து, என் கையைப் பிடித்தது வரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கீழே என் பெயரும் நர்ஸ் பதிவு எண்ணும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு நகலை ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கப்போகிறேன், உன் அப்பா என்ன சொன்னாலும் சரி. வாசித்துக் காட்டச் சொன்னாள், வாசித்தேன். "அவருக்குக் கேக்குத மாதிரி இன்னொருக்கா வாசிங்க" என்றாள். படத்துக்கு முன்னால் நின்று மறுபடி வாசித்தேன். அவள் அந்தத் தாளை வாங்கி மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினாள். பழைய பேப்பர் என் கையிலேயே இருந்தது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

அந்தப் பேப்பர் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உனக்குத்தான் வைத்திருக்கிறேன். நீ போகிற ஊரில் இங்கிலீஷைத் தவிர எவர் மொழியும் உனக்குத் தெரியாது, எவர் வீட்டு வழக்கமும் தெரியாது. அதை நினைத்து நீ பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். அங்கே நீ கேட்டே ஆகவேண்டும், அதனால் பயப்படவேண்டியதில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர், தமிழ் பேசுகிற ஒருவர், கழுத்தில் உத்திரியத்தோடு உன் வார்டுக்கு வந்து படுப்பார் பார், அன்றைக்குப் பயப்படு. அன்றைக்கு உன் கை தன்னாலே கட்டங்களை நிரப்பப் பார்க்கும். பேனாவைக் கீழே வை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார். அவர் பாதியில் நிறுத்தினால், யாரைப் பார்த்து நிறுத்தினார் என்று கவனி. கேட்டுவிட்டு எழுது.

அம்மா